நாட் யெட்

கோஜே தீவு, நான்காம் உலர்துறை.
எண்ணெய்க் கப்பலின் அடிவயிற்றில்
கடைசிப் பூச்சைப் பூசிவிட்டுச்
சாரத்தில் நின்றிருந்தேன்.
நார்வேக்காரப் பரிசோதகர் ஹால்வர் அண்ணாந்து கேட்டார்:
காய்ந்ததா?

எங்கள் மொழியில் இதற்கு ஒரு சொல் போதும்.
அஜிக்.
சாப்பிட்டாயா? அஜிக்.
பேருந்து வந்ததா? அஜிக்.
இல்லை என்பது அதற்குள்ளேயே கிடக்கும்,
பழத்துக்குள் கொட்டை மாதிரி.
யார் பல்லிலும் படாது.

அகராதி தந்த ஆங்கிலம் யெட்.
முகமூடிக்குள்ளிருந்து
யெட் என்றேன், தெளிவாகத்தான்.
மின்விசிறி இரைச்சலைத் தாண்டி
கீழே போய்ச் சேர்வதற்குள் அது யெஸ் ஆகிவிட்டது.
ஏறி வந்தார். கையுறையைக் கழற்றினார்.
உள்ளங்கையை முழுசாக வைத்துப் பார்த்தார்.

திட்டவில்லை, பாவம்.
சிவந்த கையைத் தூக்கிப் பிடித்தபடி
துணி தேடினார்.
கப்பலில் ஐந்து விரல்.
தேய்த்துத் திரும்பப் பூச எனக்கு அரை நாள்.

செவ்வாய் மாலை வகுப்பில்
வாத்தியார் சுங்-யோல் (என்னைவிடப் பதினோரு வயது சின்னவர்)
பலகையின் நடுவே கோடு கிழித்தார்.
இருந்தது அப்படியே இருந்தால் ஸ்டில்.
வரவேண்டியது வராவிட்டால் யெட்,
அதை நாட் இல்லாமல் தனியே அனுப்பாதீர்கள்,
வழி தவறிவிடும்.

ஆளுக்கு இரண்டு வாக்கியம் எழுதச் சொன்னார்.
எல்லோரும் மழையை எழுதினார்கள்.
நான் எழுதினேன்:
வாசலில் ஸ்டில் அவனுடைய பூட்ஸ்.
அவன் நாட் யெட்.

எட்டு மாதம்.
கேன்டீனில் கேட்டாலும், கீழ்வீட்டில் கேட்டாலும்
அஜிக் என்று
ஒரே துணியில் சுற்றி வைத்திருந்தேன்.
எது மிச்சம், எது பாக்கி என்று
பிரித்துப் பார்த்ததே இல்லை.

வாத்தியார் குனிந்து படித்தார்.
முதலாவது சரி.
இரண்டாவதில் வினைச்சொல் விட்டுப்போயிருக்கிறது.
அப்புறம், யெட் போட்டால்
இனி வருவான் என்று அர்த்தம்.
வரமாட்டான் என்றால் அது வேண்டாம்,
நாட் மட்டும் போதும்.
இலக்கணமாகத்தான் சொன்னார்.
பேனா மூடியைக் கழற்றி
மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அதே இடம், புதுப் பூச்சு.
ஹால்வர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால்
கட்டிக்கொண்டு கேட்டார்.
முகமூடியை இறக்கினேன்.
நாட், என்று கத்தினேன்.
அவர் தலையாட்டினார், இறங்கவில்லை,
மீதிச் சொல்லுக்காக நின்றார்.
அது என் வாயிலிருந்து வரக்
கொஞ்சம் நேரமாயிற்று.