முதல்நாள் செத்தவீடு

டொக்யார்ட் வீதிப் பழைய சேமக்காலையில்
புல் வெட்ட எனக்கு நாட்கூலி.
பாதியை மான்கள் தின்றுவிடும்,
மீதிக்குத்தான் ஆள்.

அன்று ஒருத்தி வந்தாள்.
வெயிலில் சிவந்த கழுத்து, காலில் ஆம்பிளைச் சப்பாத்து,
பேர் பினோலா.
கையில் ஒரு கடதாசி:
கோர்னீலியஸ் டிரிஸ்கல், சிப்பாய், வயது இருபத்திரண்டு,
காய்ச்சல், ஆயிரத்தெண்ணூற்று நாற்பத்தொன்பது.

பாண் கிடைக்குமென்று வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்தவனாம்.
அயர்லாந்தில் கிழங்கெல்லாம் மண்ணுக்குள்ளேயே கறுத்து நாறிற்றாம்.
தானியமும் வெண்ணெயும் துறையில் கப்பலேறிக்கொண்டிருக்க
சனம் புல்லைத் தின்று செத்ததாம்,
வாயோரம் பச்சையாய்.

என் அரைகுறை இங்கிலீசுக்கு
இவ்வளவும் விளங்கிற்று.
கையிலிருந்த புல்லை
மெல்லக் கீழே போட்டேன்.

சம்பூரை விட்டு வாகரைக்கு நடந்த நாட்களில்
சீனக்குடாவில் கோதுமைக் கப்பல் நின்றிருக்கும்.
அது எப்போதும் நிற்கும்.
பிறகு கிளிவெட்டி முகாம்.
நிவாரண அட்டையில் ஏழு பேர்,
கொட்டிலுக்குள் ஆறு பேர்.
ஏழாவது பேரை நாங்கள் வெட்டுவிக்கவில்லை.
அவனுடைய மாவையும் குழைத்துத் தின்றோம்.

அவள் இன்னொன்றும் சொன்னாள்.
அமெரிக்காவுக்குப் போகிறவனுக்கு அவர்கள் ஊரில்
முதல்நாள் இரவே செத்தவீடாம்.
அவன் நடுவில் இருப்பானாம், குடிப்பானாம், ஆடுவானாம்.
தாய் ஒப்பாரி சொல்ல
அவனே இருந்து கேட்பானாம்.
விடிந்ததும் சந்திவரை எல்லாரும் கூடப் போவார்களாம்,
தூக்காமல், நடத்தி.

"குடுத்து வைச்சவன்" என்றேன்.
அவளுக்குத் தமிழ் தெரியாது.

எங்கள் செகதாசன் போன இரவு
அம்மா சீலைத்தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டாள்.
நேவிக்கும் அயலுக்கும் கேளாதபடி
ரேடியோவைக் கூட்டி வைத்தோம்.
கிரிக்கெட் போய்க்கொண்டிருந்தது, யாரோ அவுட்.
இடியப்பம் வேண்டாம், கடலில் பிரட்டும் என்றான்.
ஒரு றோலர். அறுபத்திரண்டு பேர்.
செத்தவீடு செய்ய உடம்பில்லை.
செய்யாமல் விட
ஒரு கோல் கூட இல்லை.

பின்னேரம்வரை தேடினோம்.
டிரிஸ்கல் என்று எந்தக் கல்லிலும் இல்லை.
உப்புக்காற்று எழுத்தைத் தின்ற ஒரு கல்லின் முன்னால்
"இதுவாயிருக்கும்" என்றாள்.
அது குழந்தைப்பிள்ளையின் குழி.
நீளத்தைப் பார்த்தாலே தெரியும்.
நான் சொல்லவில்லை.

முழங்காலில் இருந்து அழத் தொடங்கினாள்,
வாய்விட்டு,
நூற்றெழுபது வருசம் பிந்தி வந்தவளென்ற வெட்கமில்லாமல்.
நல்ல பலத்த குரல்.
அதற்குள் என்னுடையது
வெளியே கேளாது.

கத்தியை வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தேன்.

ஓவசியர் வந்து பார்த்தார்.
அரைநாள் என்று
கொப்பியில் எழுதிக்கொண்டு போனார்.