இந்த மாதம் என் முறை

மாங்குளம் சந்தியில் பஸ் நடத்துநர்
ஒரு பிஸ்கட் பெட்டியை இறக்கிவிட்டுப் போனார்.
உள்ளே ஏழு பேரின் தாள்கள்.

முத்தையன்கட்டில் நிரோஜன் எண்ணிய நாரை
நாற்பத்தொன்று.
"நாற்பதாயும் இருக்கலாம், ஒன்று பறந்தபடியே இருந்தது."

கண்டாவளைச் சுகந்தரூபனின் மழைக்கணக்கில்
ஒரு கிழமை வெறும் கோடு:
மழைமானியை மாடு தட்டிவிட்டதாம்.

எனக்கு முன்னுரை மட்டும்தான் வேலை.
அடுக்கி, இலக்கமிட்டு, நூல் கோக்கையில்
தர்மபுரத்துக் கொன்சலாற்றா ரீச்சரின்
கிணற்று உப்பு அட்டவணை
அதே கிழமையில் சடாரென இறங்குகிறது.

மாடு கொட்டிய மழை
அவவின் கிணற்றுக்குள் இருக்கிறது.

இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை.
கோட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
"ஐந்தாம் பக்கம் பார்க்கவும்."

என்னுடைய தாள்? இம்முறை இல்லை.
தவளை கத்தின நேரங்களைக் குறித்த கொப்பியை
மகன் கப்பல் செய்துவிட்டான்.
பெட்டி நாளை ஒட்டுசுட்டானுக்கு,
முதல் பஸ்ஸில்.