ஊதா மூடி

ஊதா மூடிக் குழாய். சீட்டில்: தேசப்பன், ஐம்பத்தெட்டு,
காசிமேடு, இடது மூளையில் அடைப்பு, தொடங்கிய நேரம் தெரியவில்லை.

தெரியும். சீட்டு எழுதியவருக்குத்தான் தெரியாது.
வராந்தாவில் அஞ்சலாட்சி என்னிடம் சொன்னாள்:
ஏலம் மூன்றே முக்காலுக்கு நின்றது.
சங்கராக் கூடைக்கு ஆயிரத்து எண்ணூறு என்று கூவியவன்
அடுத்த விலைக்கு வாய் திறந்தபடியே
ஐஸ் பெட்டிமேல் சாய்ந்தான்.
குடித்திருக்கிறான் என்று ஒருவன் ஓடிவந்து சோடா உடைத்தான்.
வலது கடைவாயில் வழிந்தது.
விடிந்தபின் ஆட்டோ. எண்ணூர் நெடுஞ்சாலையில்
துறைமுகத்துக்கு நிற்கும் கன்டெய்னர் லாரிகள்.
ஊசி போடும் நேரம் அந்த வரிசையிலேயே தீர்ந்தது.

எனக்கு வருவது ஒரு சொட்டு.
கண்ணாடியில் இழுத்து, லீஷ்மன் சாயம் ஊற்றி, கழுவி,
நூறு வெள்ளணு எண்ணவேண்டும். டிக், டிக்.
நியூட்ரோஃபில் எண்பத்தாறு.
லிம்ஃபோசைட் எட்டு.
மற்றவை ஆறு.

மூளைக்குள் இருப்பவை என் கண்ணாடிக்கு வருவதில்லை.
மைக்ரோக்ளியா. படித்ததோடு சரி.
தாய் வயிற்றில் அவன் கடுகளவு இருந்தபோதே குடிபுகுந்து
அப்புறம் எல்லை தாண்டாதவை.
மெல்லிய கைகளை நீட்டி நீட்டி
அக்கம்பக்கத்தைத் தொட்டுக் கேட்டபடி இருக்கும்:
இருக்கியா? இருக்கேன்.
மூன்றே முக்காலுக்குப் பதில் வரவில்லை.
கைகளை உள்ளிழுத்து, உடம்பு பருத்து,
செத்ததை விழுங்கத் தொடங்கியிருக்கும்.
சாகாததையும் ஒன்றிரண்டு,
அந்த அவசரத்தில் யார் நாடி பார்ப்பது.

அவை போட்ட கூச்சல் இரத்தத்துக்குக் கேட்டது.
என் கண்ணாடியில் இருக்கும் எண்பத்தாறும்
கிளம்பி, போய்ச் சேராதவை.
சேர்ந்தவை குழாய்ச் சுவரை இடித்து நுழைந்து
தம் கருவையே அவிழ்த்து வலையாக வீசியிருக்கும்.
கிருமிக்கென்று வைத்திருக்கும் வலை.
அங்கே கிருமி இல்லை.
சிக்கியது தட்டணு, சிவப்பணு, வரவேண்டிய இரத்தம்.
மீனில்லாத இடத்தில் வலை போட்டு
முகத்துவாரத்தை அடைத்தவனைத் தேசப்பன் என்ன திட்டுவான்,
அதை இங்கே எழுத முடியாது.
எனக்குக் கோபம் வரவில்லை.
சோடா உடைத்தவனும் ஓடித்தான் வந்தான்.

என் பயம் அந்த எட்டு.
தலையில் தீ என்றால் மண்ணீரல் சுருங்கிவிடும்,
லிம்ஃபோசைட் உதிர்ந்துவிடும்,
நுரையீரலின் வாசலில் ஆளிருக்காது.
மூன்றாம் நாள் சளி, காய்ச்சல்.
பக்கத்துக் கட்டிலில் அதற்குள் இரண்டுமுறை விரிப்பு மாற்றியிருந்தார்கள்.

ஏழாம் நாள் குழாயில் மோனோசைட் பன்னிரண்டு.
பெரிய, மந்தமான, சாம்பல் நீலம்.
வெள்ளம் வடிந்தபின் வியாசர்பாடிக்கு வரும்
மாநகராட்சி லாரிபோல் தாமதம், ஆனால் வரும்.
அள்ளும். அதில் சில அங்கேயே தங்கி
உடைந்ததைக் கட்டவும் செய்யும் என்கிறது புத்தகம்.
சில. எத்தனை என்று போடவில்லை.
லிம்ஃபோசைட் பதினேழு.

வழக்கமில்லைதான், ரிப்போர்ட்டை நானே எடுத்துப்போனேன்.
அஞ்சலாட்சி கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள்.
போதுமா?
ஆயிரத்து எண்ணூறு, என்றான்.
உப்பு இருக்கா?
ஆயிரத்து எண்ணூறு.
ஏழு நாளா இது ஒண்ணுதான், என்றாள் என்னிடம்.

என் கையிலிருந்த தாளை வெகுநேரம் பார்த்தான்.
வாயின் இடப்பாதி மட்டும் அசைந்தது.
ஆயிரத்து...
அங்கே நின்றான்.
உதடு குவிந்து, பிரிந்து, குவிந்தது.

ஸ்பூனைப் பிடித்தபடி அவளும்
தாளைப் பிடித்தபடி நானும்.