பொடிக் கிழங்கு

சிலோயே வரைபடத்தில் ஓர் ஈ உட்கார்ந்தால்
மறைந்துபோகும் தீவு எங்களுடையது.
கணக்கு என் கையில்.
முப்பத்தாறு வாய், பதினோரு அடுப்பு,
ஆடு நாற்பது, பன்றி ஏழு.
ஒன்று சினை என்கிறான் ரொசமேல். நான் நம்பவில்லை.

வெளியிலிருந்து வாங்குவது
உப்பு, தீப்பெட்டி, ஊசி.
இதைப் பெரிதாக எழுதி
அடியில் கோடும் போட்டிருந்தேன்.

ஜனவரி மழை விடவே இல்லை.
ஒன்பதாம் நாள்
எர்மிந்தா ஓர் இலையைக் கிள்ளி வந்து
மேசைமேல் வைத்தாள். பேசவில்லை.
ஓரம் கருப்பு, அடியில் வெள்ளைப் பூஞ்சணம்.
மாலைக்குள் சரிவு முழுக்க நாற்றம்,
நனைந்த கம்பளி அழுகுவதுபோல.

குளிரெல்லாம் கடற்பாசி சுமந்து கொட்டிய வயல்.
நானூற்றுப் பன்னிரண்டு கூடை,
ஏட்டில் இருக்கிறது.
ஏட்டுக் கிழங்கு குழம்புக்கு ஆகுமா?

தோண்டியதில் பாதி கையிலேயே குழைந்தது.
தேறியதற்குச் சாம்பல் தூவி
விதைக்கென்று பரணில் ஏற்றினோம்.
ஆகஸ்டில் மூட்டையை அவிழ்த்தேன்.
அவிழ்த்த கையோடு கட்டினேன்.

அன்றிரவு கூடினோம்.
யாரும் பெயர் சொல்லவில்லை.
எல்லார் கண்ணும் சன்னலில்,
நீருக்கு அப்பால் எரிந்த ஒற்றை விளக்கில்.

பழைய ஏட்டைப் புரட்டினேன்.
பதினான்கு வருடத்துக்கு முந்தைய என் கையெழுத்து:
அக்கரைக்கு விதைக் கிழங்கு மூன்று கூடை. பொடி.
கடைசிச் சொல்லை வாய்விட்டு வாசிக்கவில்லை.
அவர்களுக்கு விளைச்சல் பொய்த்த வருடம் அது.
பெரியதையெல்லாம் பின்னால் தள்ளிவிட்டு
நெல்லிக்காய் பருமனில்
பொறுக்கி எடுத்தவள் நான்தான்.

ஓனோஃப்ரே துடுப்புப் போட்டான்.
படகில் மூன்று வெறுங்கூடை.
நாலாவதை எடுக்க எனக்குக் கூச்சம்.

எதெல்வினா காரணம் கேட்கவில்லை,
கிடங்கின் கதவை அகலத் திறந்தாள்.
ஊதாத் தோல், நறுக்கினால் உள்ளே வெள்ளை வளையம்.
எங்கிருந்தாலும் தெரியும், எங்கள் மாட்டுக்கொம்பு.
ஒவ்வொன்றும் கை கொள்ளாத பருமன்.

"இங்கே இதற்குக் கருமி என்று பெயர்,"
என்றாள், என்னைப் பார்க்காமல்,
கூடையில் அள்ளிக்கொண்டே.
பெரியதாகப் பார்த்துத்தான் அள்ளினாள்.
ஓனோஃப்ரேக்கு இருமல் வந்தது.
கரை சேரும்வரை நிற்கவில்லை அந்த இருமல்.

பன்றி ஆறு குட்டி போட்டது,
ரொசமேல் இன்னும் சொல்லிக்காட்டுகிறான்.

நடவு நாளில் தூறல்.
படகு இறக்குமுன்பே பிள்ளைகளுக்குப்
புதுப் பெயர் தெரிந்துவிட்டது.
வரப்பின் அந்தக் கோடியிலிருந்து கத்துகிறார்கள்:
"கருமி எத்தனை வரிசை?"

பன்னிரண்டு, என்கிறேன்
மண்ணிலிருந்து தலை தூக்காமல்.