சரிவராதவை

பள்ளிக்கூடத் தோட்டத்தில் கச்சான் பிடுங்கக்
குரங்குகள் வருகின்றன,
முத்தையன்கட்டு வாய்க்கால் கடந்து,
முதல் மணிக்குச் சற்று முன்.

ஆறாம் வகுப்பு அவற்றோடு மல்லுக்கட்டுகிறது.

மீன்ரின் பேணிகளைக் கம்பியில் கோத்தார்கள்.
இரண்டு நாள் பயந்தன.
மூன்றாம் நாள் ஒரு தாட்டான்
கம்பியைத் தானே இழுத்துப் பார்த்தது.
பிறகு அதற்கு அது விளையாட்டு.

டிலக்சன் சைக்கிள் றிம்மில் காற்றாடி செய்தான்.
காற்று வரவில்லை.
நிதுசா பழைய சீடிகளைத் தொங்கவிட்டாள்.
குட்டிகள் முகம் பார்த்தன.

எனக்கு ஒரு வழி தெரியும்.
நுனிநாக்குவரை வந்து நிற்கிறது.
ஒவ்வோர் இடைவேளையும்
தேத்தண்ணியோடு அதை விழுங்குகிறேன்.

பின்சுவரில், சணல் கயிற்றில், ஒரு கொப்பி.
அட்டையில் ‘சரிவராதவை’.
அதில் நான் சிவப்புப் பேனை வைப்பதில்லை.
ஒருமுறை வைத்தேன், எழுத்துப்பிழைக்கு.
அந்தக் கிழமை முழுக்க
ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை.

வலயத்திலிருந்து வந்தவர் புரட்டிப் பார்த்தார்.
“பதினொரு பக்கமும் தோல்வியோ, ரீச்சர்?”
“இன்னும் பக்கம் இருக்கு சேர்,”
என்றாள் நிதுசா.

நேற்று வேலியில்
கழிவொயிலும் மிளகாய்த்தூளும் பூசினார்கள்.
இரவு மழையும் பெய்தது.

இன்றைக்குக் குரங்குகள் வரவில்லை.
கச்சான் அப்படியே நிற்கிறது.
கைதட்ட நான் கையெடுத்தேன்.

வேணுயன் கொப்பியை இறக்கி,
பெருவிரலால் பக்கத்தை நீவி, எழுதினான்:

‘பன்னிரண்டு. குரங்கு வரேல்லை.
எங்கட மிளகாய்க்கோ மழைக்கோ தெரியாது.
அதால இதுவும் சரிவரேல்லை.’