இரண்டு மன்னிப்புகளுக்கு நடுவில்

பகலில் நான் பள்ளிக்கூட நர்ஸ்.
செவ்வாய்க்கிழமை மாலைகளில்
என் வீட்டு முன்வாசல் விளக்கை அணைத்துவிடுவேன்.
பின்பக்கம், கால்வாய் ஓரம்,
சைக்கிளைச் சாய்த்துவைக்க இடமுண்டு.

ஹெண்ட்ரிக்யே வந்தது நவம்பரில்.
மடியில் கேர்த்யே, பதினான்கு மாதம்,
கன்னத்தில் ரொட்டித் துகள்.
"தொடையில் போடுங்கள், கையில் வேண்டாம்.
ஞாயிறன்று அவர்தான் சட்டை மாட்டிவிடுவார்."

பயமாயிருக்கிறதா என்று கேட்டேன்.
"வருமுன்பே மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.
வீட்டுக்குப் போய் இன்னொரு முறை கேட்பேன்.
இரண்டுக்கும் நடுவில் இருக்கிறோம்.
சீக்கிரம்."

அந்தச் சபையில்தான் எனக்கும் ஞானஸ்நானம்.
வராத நோய்க்குத் தாழ்ப்பாள் போடுவது
கர்த்தரின் கையைத் தட்டிவிடுவது என்று
மூப்பர்கள் சொல்ல, தலையாட்டி வளர்ந்தவள்.
கொடியவர்கள் அல்ல அவர்கள்.
எங்கள் மாட்டுக்கொட்டகை எரிந்தபோது
விடியுமுன் பன்னிரண்டு பேர்
மரத்தோடு வந்து நின்றார்கள்.
கடலைவிடத் தாழ்ந்த நாடு இது,
அணையை மட்டும் ஏன் கட்டினோம் என்று
ஒருமுறை கேட்டேன்.
அப்பா உருளைக்கிழங்கைப் பார்த்தபடி சாப்பிட்டார்.

ஊசி. ஓர் அழுகை. பஞ்சு.
மஞ்சள் அட்டையை அவள் வாங்கிக்கொள்ளவில்லை.
என் இழுப்பறையில், மேசைவிரிப்புகளுக்கு அடியில்,
அது பதினேழாவது.

ஆறு வாரம் கழித்து, கால்வாய் உறைந்த நாளில்,
ஹார்ம் வந்தான்.
அதே குழந்தை, அவன் கோட்டுக்குள்.
தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தான்,
எதிரே பிரசங்க பீடம் இருப்பதுபோல.

"ரூலோஃபுக்குத் தட்டம்மை வந்தபோது
மூன்று இரவு ஜெபித்தேன்.
உயிரைக் கொடுத்தார். காதை எடுத்துக்கொண்டார்.
நன்றி சொன்னேன். சொல்லத்தான் செய்தேன்.
இன்னமும் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று
பேர் சொல்லிக் கூப்பிட்டுவிடுகிறேன்."
பிறகு, குரலைத் தாழ்த்தி,
"இவள் அம்மாவுக்குத் தெரியக்கூடாது."

மருந்து தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்லலாம்;
அடுத்த செவ்வாய் மறுபடி வருவான்.
அவளுக்குக் கொடுத்த வாக்கு
இழுப்பறைக்குள் கனத்தது.
"இவளுக்குத் தேவையில்லை, ஹார்ம்" என்றேன்.

என்னைப் பார்த்தான்.
குழந்தையின் தொடையைப் பார்த்தான்;
அங்கே ஒன்றுமில்லை,
ஹெண்ட்ரிக்யே பின்னிய கம்பளிக் காலுறை மட்டும்.
தொப்பியை வெகுநேரம் விரல்களில் சுற்றிக்கொண்டிருந்தான்.

கதவருகே போனபின் கேட்டது ஒன்றுதான்:
"அவள் வந்த அன்றைக்கு
எதிர்க்காற்றா?"

ஆமாம் என்றேன்.