பதினேழாம் கூடு

வடிதாளில் விழுந்த சலப் பொட்டுகளை
ஊதா விளக்கின் கீழ் எண்ணுகிறேன்.
கட்டுமுன் ஆறு, பெரியவை.
இன்று நாற்பத்தொன்று,
கடுகு சிதறினாற்போல்.

பட்டுநூலால் இறுக்கியது நான்தான்,
ஓர் ஊசி நுழைய இடம் விட்டு.
மூன்று கிழமையில் சலப்பை தடிக்கும்.
தள்ளித் தள்ளிக் களைத்த தசை
பிறகு தள்ளவே மறந்துபோகும்.
ஆய்வேட்டில் அதற்கு ஒரு வரைகோடு.

கூடு கழுவும் திலகேஸ்வரன்
ஆறு மாதமாய் ஒன்றும் கேட்டதில்லை.
ஒருநாள், வாளியைக் கீழே வைத்துவிட்டு:
"இது ராவிலை எத்தினை தரம் எழும்பும், மிஸ்?"
எலி இராப்பிராணி, அது தூங்குவதே பகலில் என்று
விளக்கம் சொன்னேன், மடைச்சி.
தலையாட்டிக்கொண்டு போனார்.
போன வழியில் கழிவறைக் கதவு சாத்தியது.
உள்ளே தண்ணீரைத் திறந்துவிட்டு
நெடுநேரம் வரவில்லை.

கொக்குவில் கிணறெல்லாம் சுண்ணாம்பு.
எலியின் போத்தல் மூக்கிலும் வெள்ளைப் படை.
சலம் என்றால் தண்ணீர் என்றும் ஒரு பொருள்;
இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை.

இன்று பதினேழின் முறை.
தராசில் சலப்பை: நாலு மடங்கு.
யன்னலுக்கு வெளியே வாளியோடு அவர்.
"பெரிசோ?"
"ஓம்" என்றேன்.
கிளினிக் நாள் செவ்வாய் என்று
கையுறையைக் கழற்றாமலே சொன்னேன்.